சுறாக்கோட்டை இளவரசன், ஒன்பதாம் பாகம்

சிலுவைதாசன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. மகன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே, அப்பா சவேரியடிமை ஆனி மாதக் கடலில் கட்டுமரம் இறக்கினார். மரம் மட்டும் கரைக்கு வந்தது. புகைப்படம் என்று ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் இராஜாக்கமங்கலம் கடற்கரையில் இருப்பவர் படம் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்குப் போய், படக்கடைக்காரர் தருகிற கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, அசையாமல் நிற்க வேண்டும். சவேரியடிமைக்கு அசையாமல் நிற்கிற பழக்கம் இருந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

ஆனாலும் அவர் முகம் உலகத்தில் ஓர் இடத்தில் இருந்தது. ஒரு சினிமாவில்.

1963இல் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து இராஜாக்கமங்கலம் மணலில் கொட்டகை போட்டது. வெளிநாட்டில் வாரம் ஒரு பாகமாக ஓடிய சாகசத் தொடர்படங்களைப் பார்த்து, அதேபோல் தமிழில் பன்னிரண்டு பாகங்கள் எடுப்பதாகத் திட்டம். படத்தின் பெயர் ‘சுறாக்கோட்டை இளவரசன்’. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் இளவரசன் சாகக் கிடப்பான். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி டிக்கெட் எடுத்தால் பிழைத்துக்கொள்வான். இளவரசனாக நடித்தவர் புயல் பூபதி. சுவரொட்டியில் சுறாவின் வாயைப் பிளந்துகொண்டு நின்ற பூபதிக்கு நீச்சல் தெரியாது. அலை கணுக்காலைத் தொட்டால் மேக்கப்மேனின் தோளில் ஏறிவிடுவார். மூங்கிலும் சாக்கும் வைத்துக் கட்டிய சுறா முதல் நாளே கடலுக்கு அடியில் போய்விட, முங்கி அதை எடுத்து வந்தவர் சவேரியடிமை. அன்றிலிருந்து தண்ணீரில் நடக்க வேண்டிய எல்லாவற்றையும் அவரே செய்தார். பூபதியின் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முட்டத்துப் பாறையிலிருந்து குதித்தார். சாக்குச் சுறாவோடு கட்டிப் புரண்டார். முகம் தெரியாதபடி கவனமாகத்தான் எடுத்தார்கள். ஒன்பதாம் பாகத்தில் தவறிவிட்டது. பாறையிலிருந்து குதித்தவர் கேமராவுக்கு நேராக மேலே வந்துவிட்டார். ஃபிலிம் தீரும் நிலைமை. இன்னொரு முறை எடுக்க வழியில்லாமல் டைரக்டர் அப்படியே விட்டுவிட்டார்.

கோட்டாறு தியேட்டரில் அந்தப் பாகம் ஓடிய வாரம் கடற்கரை முழுக்க வண்டி கட்டிக்கொண்டு போய் விசிலடித்தது. பூபதிக்கு அடிக்கிறார்கள் என்று கம்பெனி நினைத்துக்கொண்டது. பிறகு கம்பெனி திவாலானது. படம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

சிலுவைதாசன் வளர்ந்து, ஏ.சி. மெக்கானிக்காக ஷார்ஜா போய், தலை நரைத்தபின் திரும்பி வந்தார். மனைவி இல்லை. மகள் ரெஜிஷா நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அப்பாவும் மகளும் அங்கேயே வடசேரியில் குடியிருந்தார்கள். ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக் கூட்டாளி செய்யது அலி போன் செய்தார். கோட்டாற்றில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற அவர், மூடிக்கிடந்த பழைய தியேட்டரை வாங்கி கோடவுனாக வைத்திருந்தார்.

“எலே சிலுவ, ஒனக்க வாப்பா கெடச்சிட்டாருடே.”

“காலையிலே என்னத்தலே ஒளறுத?”

“திரைக்குப் பின்னால தட்டு இடிஞ்சு விழுந்துது. அடியில பன்னெண்டு தகர டப்பா. மேல பேரு எழுதியிருக்கு, சுறாக்கோட்டை இளவரசன்னு. நீ ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு வாறியா, இல்ல அப்படியே வாறியா?”

டப்பாவைத் திறந்தபோது புளித்த காடி வாசம் அடித்தது. எடுத்து ஓட்டிப் பார்க்க இருவரிடமும் மெஷின் இல்லை. செய்யது அலி யாரிடமோ விசாரித்து, இதற்கென்றே ஒரு கழகம் இருப்பதாக அறிந்து வந்தார். அவர் வாழ்க்கையில் நல்லெண்ணத்தோடு செய்த மிக மோசமான காரியம் அது.

தென்முனைத் திரைமரபு மீட்புக் கழகம் அதுவரை இரண்டு பொருள்களை மீட்டிருந்தது. ஒன்று, இடிந்த தியேட்டர் ஒன்றின் டிக்கெட் கவுண்டர் கம்பி. மற்றொன்று, முந்தைய இயக்குநர் திருப்பித் தர மறுத்த கார். இப்போதைய இயக்குநர் முனைவர் சுயம்புராஜ். அவர் அறையில் அவருடைய படங்கள் எட்டுக் கோணங்களில் மாட்டப்பட்டிருந்தன. ஒன்பதாவது கோணம் வாசலைப் பார்த்து நேரில் உட்கார்ந்திருந்தது.

டப்பாக்களைக் கழகம் ஊர்வலமாக வாங்கிக்கொண்டது. முத்துக்குடை, செண்டைமேளம், ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு தோவாளை மாலை. ஃபிலிம் வெயிலில் இருக்கக் கூடாது என்று ரெஜிஷா இணையத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாள். விழா மேடை வெயிலில்தான் இருந்தது. குத்துவிளக்கு உயரம் போதவில்லையென்று நாலாம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் அடுக்கி அதன்மேல் விளக்கை வைத்தார்கள். எண்ணெய் டப்பா மூடியில் வடிந்துகொண்டிருக்க, சுயம்புராஜ் பேசினார்.

“ஒரு கலைப்பொருள் இருப்பதால் அதற்குப் பெருமையில்லை. அதை நாம் மீட்பதால்தான் பெருமை. நாளைக்கே இன்னொரு படம் தொலைந்தால் நான் மகிழ்வேன். தொலைந்தால்தானே மீட்க முடியும்?”

கைதட்டல் நீண்ட நேரம் ஒலித்தது.

விழா முடிந்ததும் சிலுவைதாசன் அவரிடம் போனார். “சார், எனக்க அப்பன் இதுல இருக்காரு. ஒம்பதாம் பாகத்துல. நான் அவரக் கண்டதில்ல. ஒரு தடவ போட்டுக் காட்டுனா போதும் சார்.”

“பாகம் என்று சொல்லாதீர்கள். மரபலகு ஒன்பது.” சுயம்புராஜ் அன்பாகவே பேசினார். “அவர் உங்கள் தகப்பனார் என்பதற்கு?”

“கோயில்ல ஞானஸ்நான சர்ட்டிபிகேட் இருக்கு.”

“அது அவர் உங்கள் தகப்பனார் என்பதற்கு. படத்தில் இருப்பவர் அவர்தான் என்பதற்கு?”

“படத்தப் பாத்தா தெரியுமே சார்.”

“நீங்கள்தான் அவரைப் பார்த்ததே இல்லை என்கிறீர்களே. பார்த்தால் எப்படித் தெரியும்?”

“கண்டவங்க ஊருல ரெண்டு மூணு பேரு உண்டு சார்” என்றார்.

“அவர்கள் பார்வையாளர்கள். அது வேறு பிரிவு.”

ஆனாலும் கழகத்துக்கு இதயம் இல்லையென்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால், அவருக்கு ஓர் அடையாள அட்டை செய்து கழுத்தில் மாட்டினார்கள். ‘மரபுரிமையாளர் (உறுதி செய்யப்படாதவர்)’ என்று அதில் போட்டிருந்தது. அன்றிலிருந்து கழகத்தின் எல்லாக் கூட்டங்களிலும் மேடையின் கடைசி நாற்காலி அவருக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு பொன்னாடை. வீட்டில் பொன்னாடைகள் சேர்ந்தன. ரெஜிஷா அவற்றை ஃபேன் துடைக்க எடுத்தாள். தண்ணீர் உறிஞ்சாத துணி என்பதால் அதற்கும் ஆகவில்லை.

படத்தைச் சீரமைக்க வல்லுநர் குழு கூடியது. சிலுவைதாசன் கடலோரச் சமுதாயத்தின் சார்பில் உட்கார வைக்கப்பட்டார். பேச அழைக்கப்படவில்லை. முதலில் வில்லன் பிரச்சினை வந்தது. தொடரில் வில்லன் ஒற்றைக் கண்ணன். கண் பார்வை குறைந்தவர்கள் மனம் புண்படும் என்றார் ஓர் உறுப்பினர். இன்னொருவர், அவன் கள்ளக்கடத்தல் செய்கிறான், கடற்கரை மாவட்டத்துக்கு அது இழுக்கு என்றார். மூன்றாமவர், அவன் வைத்திருக்கும் மீசை தன் மாமனாருடையது போல இருப்பதாகச் சொன்னார். வில்லன் முழுவதுமாக நீக்கப்பட்டான். இனி இளவரசன் பன்னிரண்டு பாகங்களிலும் எதிரே யாருமில்லாமல் வாள் வீசுவான், உதைப்பான், உதை வாங்கி உருளுவான். “மனிதன் தன்னோடு போராடுகிற தத்துவார்த்த ஆழம் இப்போதுதான் வந்திருக்கிறது” என்றார் பேராசிரியர் ஒருவர்.

அடுத்து சுறா. படப்பிடிப்பில் விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்று உறுதி வேண்டுமாம்.

சிலுவைதாசனுக்கு வாய் பொறுக்கவில்லை. “சார், அது சாக்காக்கும்.”

குழு திகைத்தது. சற்று நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு, சணலுக்கு எந்தத் தீங்கும் இழைக்கப்படவில்லை என்று படத்தின் தொடக்கத்தில் போடுவதாக முடிவானது.

கடைசியாக, பாகங்களின் முடிவு. இளவரசன் ஒவ்வொரு முறையும் பாறையிலோ கயிற்றிலோ தீயிலோ சாகக் கிடக்கிறான் என்று கேட்டதும் சுயம்புராஜ் எழுந்து நின்றார்.

“நம் கழகத்தின் அரங்கிலிருந்து ஒரு குடிமகன் கவலையோடு வீட்டுக்குப் போவதை நான் அனுமதிக்க மாட்டேன். ஒவ்வொரு அலகின் முடிவிலும் நானே தோன்றி, இளவரசன் நலமாக இருக்கிறார் என்று கைகூப்பித் தெரிவிப்பேன்.”

பேராசிரியரின் கண் கலங்கியது. சிலுவைதாசன் எழுந்து, “ஒம்பதாம் பாகத்துல ஒண்ணையும் வெட்டிக் களைய மாட்டீங்களே சார்?” என்று கேட்டார்.

“வெட்டுவதா? நாங்கள் மீட்பவர்கள்.”

இதன்பிறகு கழகம் தன் மீட்பைப் பற்றியே ஒரு படம் எடுக்க ஆரம்பித்தது. படப்பிடிப்பு இராஜாக்கமங்கலம் கடற்கரையில். லாரியில் பூ வந்து மணலில் கொட்டப்பட்டது. காய்ந்துகொண்டிருந்த வலைகளைச் சுருட்டச் சொன்னார்கள், மீன்வாடை அடிக்கிறதாம். வள்ளங்களை ஓரமாக இழுக்கச் சொன்னார்கள், கடல் மறைகிறதாம். ஆண்கள் கேட்காதது போல் நின்றார்கள். பிறகு போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றதும் இழுத்தார்கள். சுயம்புராஜ் பட்டு வேட்டியில் மண்டியிட்டு, மணலில் அரைகுறையாகப் புதைத்து வைத்திருந்த டப்பாக்களை விரலால் தோண்டி எடுத்து மார்போடு அணைத்தார். உப்புத் தண்ணீர் டப்பாவுக்குள் போய் வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த செய்யது அலி, “இது எனக்க கோடவுன்லலா கெடந்து?” என்றார்.

“கோடவுன் உண்மை வேறு, கலை உண்மை வேறு” என்றார் சுயம்புராஜ், மூச்சு வாங்கியபடி. “நீங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். நிழல் விழுகிறது.”

பிறகு சிலுவைதாசனின் முறை வந்தது. ஒரு வெள்ளைத் தெர்மோகோல் தட்டியை அவர் முன்னால் பிடித்தார்கள்.

“இதோ, உங்கள் தந்தையின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறீர்கள். அழுங்கள்.”

“எங்க சார்?”

“இந்தத் தெர்மோகோலில்.”

“நெசமா காட்டிட்டு எடுத்தா நல்லா வருமே சார்?”

“பார்த்துவிட்டால் ஏக்கம் போய்விடும். உங்கள் ஏக்கம்தான் எங்களுக்கு முக்கியம்.”

ஒருவன் வந்து அவர் கண்ணில் கிளிசரின் விட்டான். கண் எரிந்து நீர் கொட்டியது. ரெஜிஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

“இது என்ன கேவலம்? வாங்கப்பா, போவோம். இவனுவளுக்கு முன்னால நீங்க எதுக்கு அழணும்?”

“இரு மக்கா,” என்றார் சிலுவைதாசன், கண்ணைத் திறக்க முடியாமல். “இதையும் முடிச்சுக் குடுத்தா காட்டிருவாவ.”

“அருமை. இன்னொன்று போவோம்” என்றார் சுயம்புராஜ். மூன்று முறை எடுத்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸைவிட்டு வடசேரியில் இறங்கியதும் சிலுவைதாசன் சாயாக்கடைக் குழாயில் நெடுநேரம் முகம் கழுவினார்.

வெளியீட்டு விழா நாகர்கோவிலில் குளிரூட்டப்பட்ட மண்டபம் ஒன்றில் நடந்தது. கடற்கரையிலிருந்து வந்தவர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்து, நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பாகத்தை அன்று தியேட்டரில் பார்த்த வயசாளிகள் மூவரும் வந்திருந்தார்கள். மேடையில் பதினாறு பேர் பேசினார்கள். யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. சுயம்புராஜைப் பற்றிப் பதினைந்து பேரும், தன்னைப் பற்றிச் சுயம்புராஜும் பேசினார்கள். அதன்பிறகு அவர் மணலைத் தோண்டுகிற படம் ஒன்றரை மணிநேரம் ஓடியது. தெர்மோகோலைப் பார்த்துச் சிலுவைதாசன் அழுகிற இடத்தில் முன்வரிசைப் பெண்மணிகள் மூக்கைச் சிந்தினார்கள்.

நேரமாகிவிட்டதால் தொடரில் ஒரு பாகம் மட்டும் போடுவதாக அறிவித்தார்கள். சிலுவைதாசன் ஏற்கெனவே கெஞ்சிக் கேட்டிருந்தபடி, ஒன்பதாவது.

திரையில் கறுப்பு வெள்ளையில் கடல். முட்டத்துப் பாறை. பட்டுச் சட்டை போட்ட ஒருவன் பாறை விளிம்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஒல்லி உடம்பு, கறுத்த பிடரி. சிலுவைதாசன் பக்கத்தில் இருந்த மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவன் குதித்தான். நுரை. ஒன்றுமில்லை. பிறகு நீரைக் கிழித்துக்கொண்டு நேராக மேலே வந்தான்.

வந்தது பூபதி.

வெள்ளை வெளேரென்று பவுடர் போட்ட முகம். எழுதிய புருவம். கழுத்துக்குக் கீழே தண்ணீர் கொட்டுகிறது. முகத்தில் ஒரு சொட்டு இல்லை. எடுத்த வகிடு கலையவில்லை. கறுத்த தோள்களின்மேல் அந்தத் தலை, வேறு யாருடைய பிரேதத்திலிருந்தோ எடுத்து வைத்ததுபோல் அசைந்து, பற்கள் தெரியச் சிரித்தது.

சிலுவைதாசன் எழுந்து நின்றார். “அது எனக்க அப்பன் இல்ல!” என்று கத்தினார். “எனக்க அப்பன் எங்கலே?”

பின்வரிசையிலிருந்து ஒரு வயசாளியும் எழுந்து, “சவேரிக்க மூஞ்சி இது இல்ல, இது அந்தப் பேடிப்பயலுக்க மூஞ்சி!” என்றார்.

முன்வரிசை கைதட்டத் தொடங்கியது. சுயம்புராஜ் மேடை ஓரத்துக்கு வந்து ஒலிபெருக்கியை எடுத்தார். “மரபுரிமையாளரின் உணர்ச்சிப் பெருக்கு! இதைவிட ஒரு மீட்புக்கு என்ன சான்று வேண்டும்?” இருவர் ஓடிவந்து சிலுவைதாசனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். திரையில் மறுபடி சுயம்புராஜ் தோன்றி, இளவரசன் நலமாக இருக்கிறார் என்று கைகூப்பினார்.

மறுநாள் அப்பாவும் மகளும் கழகத்துக்குப் போனார்கள். தொழில்நுட்ப அதிகாரி ஜெஃப்ரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். குளச்சல் பக்கத்துப் பையன். சுயம்புராஜும் அங்கேதான் இருந்தார்.

“எதுக்கு மாத்துனிய?” என்று கேட்டாள் ரெஜிஷா.

ஜெஃப்ரின் திரையைப் பார்த்தபடியே சொன்னான். “மாத்தல. மெஷின் பழுதத் தேடிச்சு. மூணு வகைப் பழுது கெடச்சுது. கீறல், பூஞ்சை, அந்நிய முகம்.”

“அந்நிய முகமா?”

“நாயகனுக்க முகத்தோட பொருந்தாத முகம். அத எடுத்துட்டு சரியான முகத்த வச்சுது. எல்லாரும் இப்பிடித்தான் செய்யுதாவ.”

‘அந்நிய முகம்’ என்று சிலுவைதாசன் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “சரி. மாத்தாதது ஒண்ணு காப்பி இருக்குமே. அதக் காட்டும்.”

ஜெஃப்ரின் தலையைக் குனிந்தான். “அழிச்சாச்சு அங்கிள். டைரக்டர் சார் மண்ணு தோண்டுன படத்துக்கு எடம் பத்தல.”

“டப்பால உள்ள ஃபிலிம்?”

இப்போது சுயம்புராஜ் முகம் மலர்ந்தார். “கடற்கரையில் திரைமரபு மணிமண்டபம் கட்டப்போகிறோம், தெரியுமல்லவா? அதன் அடிக்கல்லுக்குக் கீழே பன்னிரண்டு அலகுகளையும் வைத்துக் காரை போட்டுவிட்டோம். மூலம் இனி காலத்துக்கும் பத்திரமாக இருக்கும்.”

“யாரு பாக்கதுக்கு?” என்றார் சிலுவைதாசன்.

“பார்க்கிறவர்களால்தான் படங்கள் கெடுகின்றன” என்றார் சுயம்புராஜ். “நீங்கள் வருத்தப்படக் கூடாது. உங்கள் தகப்பனாரின் முகத்தைவிடச் சிறந்த முகத்தைத்தான் வைத்திருக்கிறோம்.”

சிலுவைதாசன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். வெளியே வந்து, வாசல் பக்கத்துச் சாக்கடையில் காறித் துப்பினார். ஷார்ஜாவில் இத்தனை வருஷம் எத்தனையோ அரபிகளிடமும் மலையாளிகளிடமும் வசவு வாங்கியவர். அப்போதெல்லாம் இப்படித் துப்பத் தோன்றியதில்லை.

அடுத்த நாள் முற்பகலில், செய்யது அலியின் கடைக் கடப்பாரையோடு அவர் கடற்கரைக்குப் போனார். ரெஜிஷா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். செய்யது அலி லோடு ஆட்டோவை ஓட்டி வந்து சாலையோரம் நிறுத்தினார்.

“யாராவது கேட்டா என்னடே சொல்லுவ?” என்றார் அலி.

“எனக்க அப்பனத் தோண்டுதேன்னு சொல்லுவேன்.”

அங்கே போனால் ஏற்கெனவே ஆள் இருந்தது. அடிக்கல்லிலிருந்து கொஞ்சம் தள்ளி, கடலைப் பின்னணியாக வைத்து, சுயம்புராஜ் ஒரு தொலைக்காட்சிக்கு நேரலையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாமா என்று அலி கண்ணால் கேட்டார். சிலுவைதாசன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நேராக நடந்தார். அடிக்கல்லின்மேல் பளிங்குக் கல்வெட்டு. அதில் சுயம்புராஜின் பெயர் பெரிதாக இருந்தது. அதன்மேல் கடப்பாரையை ஓங்கி இறக்கினார்.

“எந்தச் சக்தியாலும் அசைக்க முடியாத இடத்தில் மூலத்தை வைத்திருக்கிறோம்,” என்று சுயம்புராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். டங் என்று சத்தம் கேட்டது. “தலைமுறைகள் வரும், போகும்.” டங். அவர் திரும்பாமலே முகம் சுளித்து, கையால் ஜாடை காட்டினார். ஜெஃப்ரின் ஓடிவந்தான்.

“அண்ணாச்சி, லைவ் போவுது, கொஞ்சம் வேலைய நிறுத்…” என்று ஆரம்பித்தவன், துண்டுக்குக் கீழிருந்த முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். இரண்டாகப் பிளந்து கிடந்த பளிங்கைப் பார்த்தான். ரெஜிஷா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எவ்வளவு நேரம் நிறுத்தணும்?” என்று சிலுவைதாசன் கேட்டார்.

ஜெஃப்ரின் வாட்ச்சைப் பார்த்தான். “ஒரு பத்து நிமிசம் அங்கிள். அதுக்கப்புறம் அவரு சாப்பிடப் போவாரு.” திரும்பிப் போய், “சைட் வேலை சார். நிறுத்தச் சொல்லியாச்சு” என்றான்.

சிலுவைதாசன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, மரியாதையாக, பேட்டி முடியும்வரை நின்றார். கழகத்தில் ஒருவர் பேசும்போது அவர் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. வண்டி கிளம்பிப் போனதும் மறுபடி இடித்தார். காரை கையளவு கனம்கூட இல்லை. காண்டிராக்டர் மிச்சம் பிடித்திருந்தார். கீழே பாலித்தீன் தாளில் சுற்றிய பன்னிரண்டு டப்பாக்கள். ஏழாவதில் தண்ணீர் நின்றது. பதினொன்றாவது பாறையாக இறுகியிருந்தது. ஒன்பதாவதை ரெஜிஷா நகம் உடையத் திறந்தாள்.

சுருளின் வெளிச்சுற்று ஒட்டிக்கிடந்தது. உள்ளே நன்றாக இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். பாறை. பாறை. முதுகு. நுரை, நுரை, நுரை.

“அப்பா. இஞ்ச பாருங்க.”

தபால்தலை அளவுகூட இல்லாத கட்டத்துக்குள் ஒரு முகம். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு கண்ணைச் சுருக்கி, வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன்.

சிலுவைதாசன் பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்கப்பன் சின்னப் பையன்லா மக்கா,” என்றார். “ஒன்னவிட எளசு.”

செய்யது அலி குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூவரும் டப்பாக்களை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்த சுயம்புராஜ் காலிக் குழியைப் பார்த்துவிட்டு, யார் வேலை என்று யோசிக்கத் தேவையில்லாமல், நேராகச் செய்யது அலியின் கடைக்கு வந்து சேர்ந்தார். கையில் பளிங்கின் ஒரு துண்டு.

“என் பெயரில் ‘ராஜ்’ தனியாகப் போய்விட்டது,” என்றார். கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது, கிளிசரின் இல்லை. “நீங்கள் ஒரு மனிதரா?”

சிலுவைதாசன் ஃபிலிம் துண்டை நீட்டினார். “இதாக்கும் சார் எனக்க அப்பன். ஒரு தடவ பாரும்.”

அவர் பார்க்கவில்லை. “நேரலையில் அசைக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெளியே தெரிந்தால் கழகம் என்னாவது? டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போலீஸ் வேண்டாம். நான் எதையும் பார்க்கவில்லை, நீங்கள் எதையும் தோண்டவில்லை.”

“டப்பா வேணுமா, ஃபிலிம் வேணுமா?” என்று கேட்டாள் ரெஜிஷா.

“டப்பாக்கள்” என்றார் சுயம்புராஜ் பொறுமையில்லாமல். “பன்னிரண்டும் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.”

எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்து, ‘அடிக்கல் வலுவூட்டும் விழா’ என்று ஒன்றை ஏற்பாடு செய்து, அதே செண்டைமேளத்தோடும் முத்துக்குடைகளோடும் பன்னிரண்டு காலி டப்பாக்களையும் குழிக்குள் இறக்கினார்கள். கனம் இல்லாததால் தூக்குவதற்குச் சுலபமாக இருந்தது என்று தூக்கியவர்கள் சொன்னார்கள். வேறு யாரும் எதையும் கவனிக்கவில்லை. கல்வெட்டில் எழுத்து முன்பைவிடப் பெரிதாக இருந்தது. மரபுரிமையாளரின் நாற்காலியில், மூக்கைச் சிந்திய பெண்மணிகளில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் சிலுவைதாசனும் ரெஜிஷாவும் திருவனந்தபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தார்கள். பழைய கல்யாண ஃபிலிம்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற ஒருவரின் சின்ன அறை. இந்த முகவரியை ஜெஃப்ரின்தான் யாருக்கும் தெரியாமல் ரெஜிஷாவின் போனுக்கு அனுப்பியிருந்தான். ஒன்றும் எழுதாமல், வெறும் முகவரி மட்டும். கடைக்காரர் பொன்னாடை போர்த்தவில்லை. உட்காருங்கள் என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு மெஷினை ஓட்டினார்.

பாறையிலிருந்து ஒருவன் குதித்தான். நுரைக்குள்ளிருந்து மேலே வந்தான். தண்ணீரைத் துப்பினான். முகத்தை ஒரு கையால் வழித்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்து, போதுமா என்று கேட்பதுபோல் தலையை ஆட்டிச் சிரித்தான். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் பூபதி உலர்ந்த மணலில் நின்றுகொண்டிருந்தார்.

சிலுவைதாசன் ஸ்டூலில் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணுகூடி காணணோ சேட்டா?” என்று கடைக்காரர், சுருளை மறுபடி ஓட்டக் கை வைத்தபடி மலையாளத்தில் கேட்டார்.

“காணணும்” என்றார் அவர்.